பேலன் தேவையில்லை என்பது தவறு

கண்ணாடி இழையைக் கொண்டு தங்கள் விமானத்தைத் தாங்களே கட்டிக்கொள்கிறவர்களிடையே ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ரேடியோவிலிருந்து வரும் கோஆக்ஸியல் கேபிளின் நடுக்கம்பியை டைபோல் ஆன்டெனாவின் ஒரு கையிலும், ஷீல்டை மறு கையிலும் நேராகப் பற்றவைத்துவிடலாம், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இரண்டுக்குக் கீழே காட்டினால் வேலை முடிந்தது. இடையில் பேலன் ஒன்றைச் செய்து மாட்டுவது ஏட்டுப் படிப்பின் பிடிவாதம். இதைச் சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். பல நூறு மணி நேரம் பறந்தவர்கள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு நாள்தோறும் பேசுகிறவர்கள். அதனால்தான் அவர்கள் சொல்வது எளிதில் எடுபடுகிறது. அதனால்தான் அதை வரிக்கு வரி மறுக்க வேண்டியும் இருக்கிறது.

முதலில் அவர்கள் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடலாம். அலுமினியத் தகட்டால் ஆன விமானத்தின் முதுகில் ஒற்றைக் குச்சி ஆன்டெனா நிற்கிறது என்றால் அங்கே பேலனுக்கு வேலை இல்லை. குச்சி நடுக்கம்பியோடும், விமானத்தின் உலோகத் தோல் முழுவதும் ஷீல்டோடும் இணைகின்றன. அந்தத் தகடே ஆன்டெனாவின் மறுபாதி. கேபிளும் ஒருபக்கச் சார்புடையது, ஆன்டெனாவும் ஒருபக்கச் சார்புடையது, இரண்டும் பொருந்திப்போகின்றன. சிக்கல் தொடங்குவது கண்ணாடி இழையில். 1975இல் முதலில் பறந்த பர்ட் ரூட்டனின் வேரிஈஸி, அதன் பின் 1979இல் வந்த லாங்-ஈஸி ஆகியவை வீட்டுக் கொட்டகையில் கலப்பிழை விமானம் கட்டலாம் என்று உலகுக்குக் காட்டின. அவற்றின் தோலில் உலோகம் இல்லை. குச்சிக்கு மறுபாதி தர அங்கே தகடு கிடையாது. எனவே இரண்டு சமமான கைகள் கொண்ட டைபோலைச் செம்பு நாடாவால் செய்து உடலுக்குள்ளேயே ஒட்டினார்கள். இந்த வழியை வகுத்துக் கொடுத்த ஜிம் வெய்ர், கேபிளின் மேல் ஃபெரைட் வளையங்களைக் கோக்கச் சொன்னார். அந்த வளையங்களும் ஒருவகைப் பேலன்தான். கண்ணாடி இழைக்குள் டைபோல் புகுந்த நாளிலேயே பேலனும் கூடவே புகுந்தது. பின்னால் வந்தவர்கள்தாம் அதைக் கழற்றி எறிந்தார்கள்.

பேலன் செய்யும் வேலை என்ன? கோஆக்ஸியல் கேபிளில் கம்பிகள் இரண்டு என்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ரேடியோ அதிர்வெண்ணில் அவை மூன்று. விமானப் பேச்சு அலைவரிசையின் நடுவை ஒட்டிய 127 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 6 மைக்ரான் ஆழம் வரைதான் இறங்கும். ஆகவே ஷீல்டின் உள்பக்கத்தில் ஓடும் மின்னோட்டம் வேறு, வெளிப்பக்கத்தில் ஓடுவது வேறு. இரண்டும் ஒரே உலோகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதவை. நடுக்கம்பியில் எவ்வளவு மேலே போகிறதோ, சரியாக அவ்வளவு ஷீல்டின் உள்பக்கத்தில் திரும்ப வேண்டும். கேபிளுக்குள் இந்தக் கணக்கு ஒருநாளும் தவறாது. கேபிள் முடிந்து ஆன்டெனா தொடங்கும் புள்ளியில்தான் அது பிசகுகிறது. நடுக்கம்பிக்கு ஒரே வழி: தன் கை. ஷீல்டின் உள்பக்கத்துக்கோ இரண்டு வழிகள்: தன் கை ஒன்று, ஷீல்டின் வெளிப்பக்கம் மற்றொன்று. அந்த இரண்டாவது வழியில் மின்னோட்டம் இறங்கினால் கேபிளே ஆன்டெனாவின் மூன்றாவது கையாகிவிடுகிறது. அந்த வழியை அடைப்பது, அல்லது இரு கைகளுக்கும் சமமாக்குவது, இதுவே பேலனின் பணி. ஆன்டெனாவின் சக்தியைப் பெருக்குவதாக அது எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை.

இனி எதிர்த்தரப்பின் முதல் வாதம்: ‘எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கிறது, போதும்.’ எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றே ஒன்றைத்தான் அளக்கிறது. கேபிள் வழியே அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதுதான் அது. திரும்பாதது எங்கே போயிற்று என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. கேபிளின் முனையில் 50 ஓம் மின்தடையை மாட்டிப் பாருங்கள். மீட்டர் பழுதின்றி 1.0 காட்டும், வானில் ஒரு சொல்லும் ஏறாது. மதகில் திறந்த தண்ணீரை அளந்துவிட்டுக் கடைமடை வயல் விளைந்துவிட்டதாக எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெட்டவெளியில் டைபோலின் மின்மறுப்பு ஏறத்தாழ 73 ஓம். 50 ஓம் கேபிளோடு சேர்ந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.46 வருவதே இயல்பு. ஷீல்டின் வெளிப்பக்கம் மூன்றாவது கையாகச் சேரும்போது அந்த 73 ஓம் கீழிறங்கி மீட்டர் இன்னும் அழகாகக் காட்டக்கூடும். பேலனை மாட்டியதும் அளவு 1.2இலிருந்து 1.5க்கு ஏறினால் பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம்தான். அந்த 4 சதவீதத்தைக் காப்பாற்றுவதற்காக ஆன்டெனாவின் வடிவத்தையே விட்டுக்கொடுக்கிறோம்.

இதைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். மீட்டரைப் பார்த்துக்கொண்டே கேபிளைக் கையால் இறுகப் பிடித்து, பிடியை மெல்ல நகர்த்துங்கள். முள் அசைந்தால் ஷீல்டின் வெளிப்பக்கத்தில் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். சரியாக ஊட்டப்பட்ட ஆன்டெனாவில் கேபிளைத் தொடுவதால் எதுவும் மாறக் கூடாது. கேபிளை இடம் மாற்றிக் கட்டினாலே அளவு மாறுகிறது என்றால், அளந்தது ஆன்டெனாவை மட்டும் அல்ல.

இரண்டாவது வாதம்தான் வலுவானது. அதை அதன் முழு வலுவோடு எடுத்துச் சொல்வதே நேர்மை. ‘விமான ரேடியோவில் சக்திக்குப் பஞ்சமே இல்லை. 5 வாட் போதும். விமானம் 1000 மீட்டர் உயரத்தில் இருந்தால் ரேடியோ தொடுவானம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தடையற்ற பார்வைக் கோட்டில் 100 கிலோமீட்டருக்கு அப்பால் அந்த 5 வாட் சுமார் 30 மைக்ரோவோல்ட்டாகப் போய்ச் சேரும். நல்ல ரிசீவருக்கு 2 மைக்ரோவோல்ட் இருந்தாலே பேச்சு புரியும். கேபிள் வழியே பாதி சக்தி வீணானாலும் யாருக்குத் தெரியப்போகிறது?’ இந்தக் கணக்கு சரி. பாதி சக்தி போவது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது எட்டாது. ஆனால் இந்த வாதம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: இழப்பு எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற அனுமானம். உண்மையில் அப்படி நடப்பதில்லை. செங்குத்தான டைபோலின் அலையும், விமானத்தின் நீளவாக்கில் கிடக்கும் கேபிளின் அலையும் வெளியே ஒன்றோடொன்று சேரும்போது சில திசைகளில் கூடும், சில திசைகளில் ஒன்றையொன்று அழிக்கும். அழியும் திசையில் இழப்பு 20 டெசிபலைத் தொட்டால் 30 மைக்ரோவோல்ட் 3 ஆகிறது. கையிருப்பு என்று நம்பியிருந்தது அத்தனையும் ஒரே திருப்பத்தில் தீர்ந்துபோகும். விமானம் வலப்பக்கம் சாயும்போது மட்டும் கோபுரத்தின் குரல் கரகரக்கிறது, நேராகப் பறந்தால் தெளிகிறது என்று விமானிகள் சொல்லும் குறைக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கணக்கு கேட்கும் பக்கத்தையும் விட்டுவிடுகிறது. கேபிள் அலையை வெளியே விடுமானால் வெளியிலிருந்து வாங்கவும் செய்யும். அது எங்கே கிடக்கிறது? என்ஜின் பற்றவைப்புக் கம்பிகளுக்கும், மின்னணுத் திரைகளுக்கும், மின்னழுத்தம் மாற்றும் சிறு பெட்டிகளுக்கும் நடுவில். ஆன்டெனாவை வாலில் கொண்டுபோய் ஒட்டியதே இந்த இரைச்சலிலிருந்து தள்ளி இருக்கத்தான். பேலன் இல்லாத கேபிள், இரைச்சலின் நடுவிலேயே இன்னொரு ஆன்டெனாவை நீட்டி வைக்கிறது. 2 மைக்ரோவோல்ட் போதும் என்பது அமைதியான மேசையில் அளந்த எண். ரிசீவரின் காதில் இரைச்சல் ஏறினால் அந்த எண்ணும் ஏறும். பேசும் பொத்தானை அழுத்தும்போதும் இதே கதைதான். இன்டர்காமில் கீச்சென்ற ஒலி, வெப்பமானி முள்ளின் துள்ளல், தானியங்கிப் பறப்புக் கருவி தானே அசைவது, இவை கேபிள் வழியாக விமானியின் மடிக்கே அலை வந்து சேர்வதன் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றுக்காக ஹெட்செட்டையும் பேனலையும் மாற்றிச் செலவழித்தவர்கள், கேபிளின் மறுமுனையைப் பார்ப்பதே இல்லை.

‘என் விமானத்தில் பேலன் இல்லை, ஒரு குறையும் இல்லை’ என்பது மூன்றாவது வாதம். நேரடி அனுபவத்தின் சாட்சி என்பதால் கேட்பவர் வாயடைத்துப்போவார். அந்த அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஏன் உண்மை, ஏன் அடுத்தவருக்குப் பொருந்தாது என்பதை இயற்பியல் சொல்லிவிடுகிறது. ஷீல்டின் வெளிப்பக்க வழி மின்னோட்டத்தை எவ்வளவு இழுக்கும் என்பது கேபிளின் நீளத்தைப் பொறுத்தது. ஆன்டெனாவிலிருந்து தரைப்பட்ட முனை வரை அந்த நீளம் கால் அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்கானால் அந்த வழி தானாகவே அடைபட்டதுபோல் ஆகிவிடும். அரை அலைநீளத்தின் மடங்கானால் அகலத் திறந்த வழியாகிவிடும். நல்ல அனுபவம் பெற்றவரின் கேபிள் நல்ல நீளத்தில் அமைந்தது. அவ்வளவே.

அந்த நல்வாய்ப்பும் அலைவரிசை முழுவதும் நிலைப்பதில்லை. விமானப் பேச்சுக்கான அலைவரிசை 118 மெகாஹெர்ட்ஸிலிருந்து 137 வரை. 118இல் அலைநீளம் 2.54 மீட்டர், 137இல் 2.19 மீட்டர். வாலிலிருந்து முன்பலகைக்கு வரும் கேபிள் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழ் எல்லையில் அது 1.57 அலைநீளம், மேல் எல்லையில் 1.83 அலைநீளம். இடையிலான வேறுபாடு ஏறத்தாழக் கால் அலைநீளத்தின் அளவு. ஒரு முனையில் அடைபட்டிருக்கும் வழி மறுமுனையில் திறந்துகொள்ள இந்த வேறுபாடே போதும். உள்ளூர்க் கோபுரத்தின் அதிர்வெண்ணில் மணிபோல் பேசும் ரேடியோ, அடுத்த மண்டலத்துக்கான அதிர்வெண்ணுக்கு மாறியதும் தடுமாறுவதற்கு இது போதிய காரணம். போதாக்குறைக்கு, கலப்பிழை விமானத்தில் ‘தரை’ என்று உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. ரேடியோவின் பெட்டி கம்பிக் கற்றைகளின் நடுவே மிதக்கிறது. நாளை ஒரு புதிய கருவிக்கு இரண்டு கம்பி இழுத்தால் அந்தத் தரை இடம் மாறும், கேபிளின் நடத்தையும் கூடவே மாறும். கட்டியவர் ஆன்டெனாவில் கை வைக்கவே இல்லை, ஆன்டெனா மாறிவிட்டது.

தொழிற்சாலை விமானங்களில் பேலன் இல்லையே என்று கேட்பவர்களுக்கு, அவற்றின் வாலை அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். பேச்சு ஆன்டெனா ஒற்றைக் குச்சி என்பதால் அதற்கு இல்லை. ஆனால் வி.ஓ.ஆர். வழிகாட்டிக்கான ஆன்டெனா, செங்குத்து வாலின் உச்சியில் பூனைமீசைபோல் இரு பக்கமும் நீளும் குச்சிகள், ஒரு டைபோல். அலுமினியச் செஸ்னாவிலும் அதற்குக் கோஆக்ஸியல் கேபிளால் செய்த பேலன் உண்டு. காரணம் கண்டிப்பானது. வி.ஓ.ஆர். அலை கிடைவாக்கில் வருகிறது. வாலுக்குள் செங்குத்தாக இறங்கும் கேபிளும் ஆன்டெனாவாகிவிட்டால் செங்குத்து அலையும் உள்ளே நுழைந்து, கருவி காட்டும் திசையிலேயே பிழை சேரும். திசை பிழைத்தால் எண்ணில் தெரிந்துவிடும் என்பதால் அங்கே யாரும் வாதாடுவதில்லை. பேச்சில் பிழை கரகரப்பாக மட்டும் வெளிப்படுவதால் சகித்துக்கொள்கிறோம்.

பேலன் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறவர்களிடமும் ஒரு குறுக்குவழி புழங்குகிறது. கையில் கிடைத்த மூன்று ஃபெரைட் வளையங்களைக் கேபிளில் கோத்துவிட்டு நிறைவடைவது. ஃபெரைட்டை நான் மறுக்கவில்லை. எண்ணாமல் கோப்பதை மறுக்கிறேன். இந்த அதிர்வெண்ணில், சரியான கலவையில் செய்த சிறு வளையம் ஒன்று, கேபிள் ஒருமுறை நுழைந்து போனால், சில பத்து ஓம் தடையே தரும். மூன்று சேர்ந்தாலும் 73 ஓம் ஆன்டெனாவின் முன் அது அரைகுறைக் கதவு. 500 ஓமுக்கு மேல் வேண்டும், ஆயிரத்தை நெருங்கினால் நல்லது. டைரோஸ் வானிலைச் செயற்கைக்கோளின் ஆன்டெனாப் பணியில் ஈடுபட்டவரும், எஸ்.டபிள்யூ.ஆர். மயக்கத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவருமான வால்ட்டர் மேக்ஸ்வெல், 1983 மார்ச் க்யூ.எஸ்.டி. இதழில் குறும் அலைக்கான ஃபெரைட் பேலனை விளக்கியபோது கேபிளில் கோத்த மணிகள் 50. கலவையும் முக்கியம். 43 என்ற எண்ணுள்ள கலவை இந்த அலைவரிசைக்கு ஏற்றது. பழைய மின்வழங்கிப் பெட்டியிலிருந்து பிடுங்கிய இரும்புத்தூள் வளையம் ஏற்றதன்று; பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இத்தனை ஐயங்களையும் தாண்டிச் செல்ல, ஒரு முழத்துக்குச் சற்று மேற்பட்ட கேபிள் போதும். ஜோசப் பாசி என்ற ஆஸ்திரேலியர் 1930களில் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் தொலைக்காட்சி ஆன்டெனாக்களில் பணியாற்றினார். பின்னாளில் ரேடியோ வானியலின் முன்னோடிகளில் ஒருவரானார். அவர் பெயரால் வழங்கும் பாசி ஸ்டப் இது. முதன்மைக் கேபிளின் பக்கத்தில் அதே வகைக் கேபிள் துண்டு ஒன்றை ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். அதன் ஷீல்டின் மேல்முனையை, முதன்மைக் கேபிளின் நடுக்கம்பி சேரும் அதே ஆன்டெனாக் கையோடு இணைக்க வேண்டும். கீழ்முனையை, கால் அலைநீளம் இறங்கிய இடத்தில், முதன்மைக் கேபிளின் ஷீல்டோடு பற்றவைக்க வேண்டும். துண்டின் நடுக்கம்பிக்கு இதில் வேலை இல்லை. இப்போது இரண்டு கைகளிலிருந்தும் ஒரே நீளமுள்ள, ஒரே தடிமனுள்ள இரண்டு வழிகள் கீழே இறங்கி ஒரே புள்ளியில் சேர்கின்றன. இரு கைகளுக்கும் நிலைமை ஒன்று. அமைப்பே சமச்சீர் என்பதால் சமநிலை எந்த அதிர்வெண்ணிலும் குலைவதில்லை.

அப்படியானால் கால் அலைநீளம் எதற்கு? அந்த இரண்டு வழிகளும் சேர்ந்து ஆன்டெனாவின் குறுக்கே ஒரு சுமையாக நிற்கின்றன. சரியான நீளத்தில் அந்தச் சுமை மறைந்துபோகும். அலைவரிசையின் இரு எல்லைகளிலும் நீளம் 7 சதவீதத்துக்குச் சற்று மேல் பிசகும். இணைவழியின் மின்மறுப்பை 80 ஓம் என்று கொண்டால் எல்லையிலும் சுமை 650 ஓமுக்குக் கீழே வராது. 73 ஓம் ஆன்டெனாவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. டைபோல் தன் அதிர்வெண்ணுக்குக் கீழே மின்தேக்கிபோலவும், மேலே மின்சுருள்போலவும் நடந்துகொள்ளும். ஸ்டப் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். ஒன்றின் பிசகை மற்றது ஓரளவு ஈடுசெய்கிறது.

செய்முறையில் பலர் சறுக்குவது நீளத்தில். கேபிளின் வேகக் காரணி 0.66 என்று புத்தகத்தில் பார்த்துவிட்டு, காற்றில் கால் அலைநீளமான 59 சென்டிமீட்டரை அதனால் பெருக்கி, 39இல் வெட்டிவிடுகிறார்கள். அந்த 0.66 கேபிளின் உள்ளே ஓடும் அலைக்கு. ஸ்டப்பின் அலை ஓடுவது இரண்டு ஷீல்டுகளின் வெளிப்பக்கங்களுக்கு இடையே, மேலுறையிலும் காற்றிலும். அங்கே அலை வேகமாகப் போகும். நீளம் 50 சென்டிமீட்டரை ஒட்டி வரும். துல்லியமான அளவு மேலுறையையும் இடைவெளியையும் பொறுத்தது என்பதால் ஊகிக்காமல் அளக்க வேண்டும். கைகளை இணைக்கும் முன், கேபிளின் முனை திறந்திருக்கும்போது திரும்பும் அலையின் கட்டத்தை நானோ வி.என்.ஏ. கருவியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டப்பை இணைத்து மீண்டும் பாருங்கள். இரண்டு அளவுகளும் எந்த அதிர்வெண்ணில் ஒன்றாகின்றனவோ அதுவே ஸ்டப்பின் அதிர்வெண். அது 127 அருகே வரும் வரை கீழ் இணைப்பை நகர்த்தினால் போதும்.

கேபிள் ஆர்ஜி-400 ஆக இருப்பது நல்லது. நீளத்தின் நடுவே மேலுறையை வளையமாக நீக்கி ஷீல்டில் பற்றவைக்கும்போது, ஆர்ஜி-58இன் பாலிஎத்திலீன் உள்காப்பு உருகி நடுக்கம்பி ஒதுங்கிவிடக்கூடும். ஆர்ஜி-400இன் டெஃப்லான் அந்தச் சூட்டைத் தாங்கும். இணைப்பின் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றி, கட்டமைப்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் அதிர்வு இழுக்காது. கூடுதல் இணைப்பு கூடுதல் ஆபத்து என்று அஞ்சுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: ரேடியோவின் பின்னால் உள்ள கனெக்டர்களும் கையால் செய்த இணைப்பைத்தான் நம்பியிருக்கின்றன. இணைப்பைச் செம்மையாகச் செய்வதே அந்த அச்சத்துக்கு மருந்து.

பேலனும் செய்யமுடியாத ஒன்று உண்டு. கேபிள் ஆன்டெனாவின் ஒரு கைக்கு இணையாக இறங்கினால், அந்தக் கையின் அலையே ஷீல்டில் மின்னோட்டத்தைத் தூண்டும்; மேலே எந்தப் பேலனை வைத்தாலும் அது நிற்காது. எனவே கேபிளும் ஸ்டப்பும் டைபோலின் நடுவிலிருந்து செங்கோணத்தில், குறைந்தது கால் அலைநீளம் வரை நேராக விலகிச் செல்ல வேண்டும். வால் அதற்கு இடம் தராவிட்டால், கேபிள் வளையும் இடத்துக்கு அப்பால் போதிய ஃபெரைட்டை எண்ணிக் கோக்கலாம். முடிவில் கேபிளைக் கையால் பிடிக்கும் சோதனையை 118, 127, 137 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று அதிர்வெண்களிலும் செய்துபார்க்க வேண்டும். மூன்றிலும் முள் அசையாவிட்டால்தான் வேலை முடிந்தது.

ஆகவே நான் மறுப்பது ஒரு பொருளை மாட்டுவதா வேண்டாமா என்ற சிக்கனத்தை அல்ல. தற்செயலாக அமைந்த கேபிள் நீளத்திடம் ஆன்டெனாவை ஒப்படைத்துவிட்டு, அதை அனுபவம் என்று அடுத்தவருக்குக் கற்பிப்பதை மறுக்கிறேன். தன் கையால் விமானம் கட்டுகிறவர் இறக்கையின் வளைவை அரை மில்லிமீட்டருக்குச் சரிபார்க்கிறார், ஒவ்வொரு போல்ட்டின் இறுக்கத்தையும் எழுதி வைக்கிறார். அதே மனிதர் தன் குரல் விமானத்தின் எந்தப் பகுதியிலிருந்து கிளம்புகிறது என்பதை மட்டும் ஏன் அதிர்ஷ்டத்துக்கு விட வேண்டும்? மேகம் இறங்கிய ஒரு மாலையில், 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அதிர்வெண்ணில் உதவி கேட்டு அழைக்கும்போது, கோபுரம் எந்தத் திசையில் இருக்கும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை விமானிக்கு இல்லை. எந்தத் திசையானாலும் கேட்கும்படி ஆன்டெனாவை அமைக்கும் வாய்ப்பு, வாலை மூடி ஒட்டுவதற்கு முன் இருக்கிறது. ஒட்டிய பின் வாலை அறுத்துத்தான் உள்ளே போக வேண்டும். அதற்குள் பேலனைச் செய்து மாட்டிவிடுங்கள்.